நங்கூரத்தில் கட்டிய எர்த் வயர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய்க்கதை என்றால் எனக்குக் கொட்டாவிதான் வரும். நயினார்கோவில் பக்கம் நான் பிறந்து வளர்ந்த ஊரில் மரத்துக்கு மரம் ஒரு முனி இருப்பதாகச் சொல்வார்கள், அத்தனை மரத்திலும் கல்லெறிந்து புளியங்காய் தின்றவள் நான், ஒரு முனியும் வந்து என்னை ஏன் என்று கேட்டதில்லை. படித்தது கம்ப்யூட்டர். பார்ப்பது சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, அதாவது அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே கோளாறு என்று நோண்டி நோண்டிக் கண்டுபிடித்து அவர்களிடம் சண்டை போடுவது. சண்டை போடுவதையே வேலையாக எனக்குக் கொடுத்ததில் எங்கள் வீட்டில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும், உங்கள் உதடு இப்போதே ஒரு பக்கமாகக் கோணுகிறது. பரவாயில்லை, என் சொந்தத் தம்பியே “அக்கா, ரீல் அந்து போச்சு” என்றான். கேட்டு முடித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

கல்யாணமாகி நான் வந்து சேர்ந்தது பாம்பனுக்கு. என் வீட்டுக்காரர் கதிரேசன் விசைப்படகுகளுக்கு வயரிங் செய்பவர். வயர்லெஸ் செட் மாட்டுவது, பேட்டரி பார்ப்பது எல்லாம் அவர்தான். நாங்கள் குடியிருப்பது எஸ்தர் அக்கா வீட்டின் பின்பகுதியில். எஸ்தர் அக்காவின் வீட்டுக்காரர் சூசை விசைப்படகு டிரைவராக இருந்தவர், நான் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனார். கூடப் போனவர்களை வேறொரு படகு காப்பாற்றிக் கொண்டுவந்தது, உடைந்த படகும் கரை ஒதுங்கியது, அவர் மட்டும் வரவே இல்லை. அது போதாதென்று, “காத்து மாறுறது தெரியாம படக விட்டுட்டான்” என்று பிழைத்து வந்த ஒருவன் சொல்ல, அதையே ஊரும் பிடித்துக்கொண்டது. அவர் போனதைக்கூட எஸ்தர் அக்கா தாங்கிக்கொண்டார், இந்தப் பேச்சை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. கருவாடு வாங்க வருகிறவர்களிடம்கூட, “என் வீட்டுக்காரருக்குக் காத்து தெரியும்மா” என்று சம்பந்தமில்லாமல் சொல்வார். பாவமாக இருக்கும்.

காற்று என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது பின்னால் தேவைப்படும். இந்தப் பக்கத்துக் கடல்காரர்கள் திசையைக் காற்றின் பேரில்தான் சொல்வார்கள். வாடை என்றால் வடக்கு, கொண்டல் என்றால் கிழக்கு, கச்சான் என்றால் மேற்கு. வீட்டுக்குள்ளேயும் அப்படித்தான். “ஏங்க, புளி டப்பா எங்க?” என்று நான் கேட்டால், “கச்சான் பக்கத்துத் தட்டுல பாரு புள்ள” என்பார் இவர். வந்த புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இடது வலது என்று சொன்னால் வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா என்று எத்தனையோ நாள் கத்தியிருக்கிறேன். கத்திக் கத்தியே எனக்கும் அது பழகிப்போனது, இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

எனக்கு இருக்கும் ஒரே பைத்தியம் ஆன்லைன் விளையாட்டு. கூட விளையாடுபவள் யாஸ்மின், காலேஜில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், கீழக்கரையில் இருக்கிறாள், அவள் வீட்டுக்காரர் துபாயில். மத்தியானம் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு அவள் அங்கிருந்து வருவாள், வேலைக்கு நடுவே நான் இங்கிருந்து வருவேன். எங்கள் ஜோடிக்குப் பெயர் ‘உப்புக்காத்து’. நாங்கள் விளையாடும் ஆட்டம் சுலபமானதுதான், ஜோடி ஜோடியாக ஒரு தீவில் இறங்க வேண்டும், சுற்றிலும் ஒரு புயல் வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், அதற்குள் ஒருவரை ஒருவர் சுட்டு வீழ்த்த வேண்டும், கடைசியில் மிஞ்சுகிற ஜோடிக்கு வெற்றி. பொம்பளைகளுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களை எல்லாம் அந்தத் தீவிலேயே புதைத்துவிட்டு மாநில அளவிலான போட்டியில் நாங்கள் மளமளவென்று மேலே ஏறிக்கொண்டிருந்தோம். அங்கேதான் சனியன் பிடித்தது.

கம்ப்யூட்டர் உறைய ஆரம்பித்தது. திரை அப்படியே போட்டோ மாதிரி நிற்கும், ஹெட்செட்டில் கர்ர் என்று ஓர் இரைச்சல், கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியாகும். அதற்குள் என்னைச் சுட்டுச் சாய்த்திருப்பார்கள்.

என் தொழிலே கோளாறு கண்டுபிடிப்பது, விடுவேனா? கேபினெட்டைத் திறந்தேன். கடற்கரை ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக் காற்று உள்ளே போய் செம்பை எல்லாம் பச்சையாக்கிவிடும். ரேம் அட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்த்தேன், ஃபேனை பிரஷ்ஷால் துடைத்தேன், பிராசஸருக்குப் புதுப் பேஸ்ட் வைத்தேன். உறைந்தது. விண்டோஸை அழித்து மறுபடி போட்டேன். உறைந்தது. கிராபிக்ஸ் டிரைவரைப் பழையதற்கு மாற்றிப் பார்த்தேன், பவர் சப்ளையை மாற்றினேன், நெட் கேபிளை மாற்றினேன், ஹெட்செட்டைக்கூட மாற்றினேன். ம்ஹூம். வேடிக்கை என்னவென்றால் நாள் முழுக்க ஆபீஸ் வேலை பார்த்தால் ஒன்றும் ஆகாது. தனியாக விளையாடினால் ஒன்றும் ஆகாது. மிஷினைத் திணறடிக்கவே ஒரு சோதனை புரோகிராம் உண்டு, அதைப் போட்டு மத்தியானம் முழுக்க ஓடவிட்டாலும் கல்லுக்குண்டு மாதிரி நிற்கும். ஆன்லைனில் யாஸ்மினோடு ஜோடியாக இறங்கி, ஹெட்செட்டைக் காதில் மாட்டி, ஆட்டம் சூடு பிடித்தால் மட்டும் உறையும். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

இதில் மின்னல் என்று ஒருவன் வந்தான். அது அவன் ஆட்டப்பெயர், மதுரைக்காரன், நன்றாக விளையாடுவான், வாய் அதைவிட நன்றாக விளையாடும். நாங்கள் வேண்டுமென்றே நெட்டை வெட்டிவிட்டு விளையாடுகிறோம் என்று அவன் கிளப்பிவிட்டான். அப்படி ஒரு திருட்டு வித்தை உண்மையிலேயே உண்டு. ஆபத்தான நேரத்தில் இணைப்பை வெட்டினால் எதிராளிக்கு நம்மைச் சுட முடியாது, இணைப்பு திரும்பியதும் நாம் வேறு இடத்தில் போய் நிற்கலாம். “உப்புக்காத்து அக்காக்களின் தில்லாலங்கடி” என்று தலைப்புப் போட்டு ஒரு வீடியோ விட்டான். கீழே வந்த கமெண்டுகளை இங்கே சொல்ல முடியாது. யாஸ்மின் அழுதாள். “செல்வி, துபாய்ல இவுக ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பாத்துட்டாகடி, எங்க வீட்டுல தலை நிமிந்து நிக்க முடியல” என்றாள். எனக்கு அழுகை வரவில்லை, வயிறுதான் எரிந்தது. எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், திருடி என்று சொல்லலாமா?

போட்டி நடத்துபவர்கள் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு ஒரு முடிவு சொன்னார்கள். கடைசிச் சுற்றில் நாங்கள் விளையாடலாம். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் ஒரு போன் வைத்து, என் இரண்டு கையும் திரையும் மேசையும் தெரியும்படி நேரலையில் காட்ட வேண்டும். அப்போதும் பழைய மாதிரி உறைந்து, எங்கள் பக்கம் இணைப்பு அறுந்ததாகத் தெரிந்தால், இரண்டு பேருடைய கணக்கையும் ஆயுசுக்கும் மூடிவிடுவார்கள், காரணத்தையும் ஊரறியப் போடுவார்கள். ஆக, கம்ப்யூட்டர் உறைந்தால் நான் திருடி, உறையாவிட்டால் நல்லவள், என் மானம் ஒரு தகர டப்பாவின் கையில் வந்து நின்றது.

அன்றைக்கு ஆத்திரத்தில் கேபினெட்டை ஓங்கித் தட்டினேன், கை சுருக் என்றது. ஷாக்!

“ஏங்க, இங்கன வாங்க, பொட்டியில கரண்டு அடிக்குது!”

“செருப்பப் போட்டுக்க புள்ள, ஒண்ணும் செய்யாது” என்றார் இவர், கரண்டு வேலை பார்க்கிற மனுஷன் பேசுகிற பேச்சா இது? எனக்கு வந்த கோபத்தில் சுவிட்ச் போர்டிலிருந்து எர்த் வயர் எங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டே போனேன். சன்னல் ஓட்டை வழியாக வெளியே போய், முருங்கை மரத்தைச் சுற்றி, மணலுக்குள் இறங்கியது. கையாலேயே தோண்டினேன். ஒரு நங்கூரம். துருப்பிடித்த, கழுத்துவரை மண்ணில் புதைந்த, பெரிய படகு நங்கூரம். அதன் வளையத்தில் எர்த் வயரை அழகாகச் சுற்றிக் கட்டியிருந்தார் என் வீட்டுக்காரர்.

“என்னங்க இது?”

“நல்ல எர்த்து புள்ள. ஈர மண்ணுக்குள்ள இம்புட்டு இரும்பு வேற எவன் வீட்டுல இருக்கு?” என்றார். படகுக்காரர்களோடு பழகிப் பழகி இவருக்கு எர்த்துக்கும் நங்கூரம்தான் ஞாபகம் வரும் போலிருக்கிறது. அப்புறம் கொஞ்சம் குரலை இறக்கி, “சூசையண்ணன் படகு நங்கூரம். படகு ஒதுங்குனப்ப கூட வந்தது” என்றார்.

இந்தத் தெருவில் கடலுக்கு ஆளைக் கொடுத்துவிட்டு வந்த நங்கூரத்தை வேறு படகில் ஏற்றமாட்டார்கள், பழைய இரும்புக்கும் போடமாட்டார்கள், வீட்டு மணலிலேயே கிடக்கும். “எஸ்தர் அக்காட்ட கேட்டுத்தான் கட்டுனேன். ‘கட்டிக்கப்பா, அவருக்கும் ஒரு வேலை இருக்கட்டும்’னு சொல்லுச்சு” என்றார் இவர். எனக்கு அப்போதும் பயமெல்லாம் வரவில்லை, கவனியுங்கள், சந்தோஷம்தான் வந்தது. உப்புத் துரு ஏறிய இரும்பில் எர்த் சரியாகப் பிடிக்கவில்லை, கசிவு ஹெட்செட் வழியாக உள்ளே போகிறது, அதனால்தான் இரைச்சல், அதனால்தான் உறைகிறது. கோளாறு கிடைத்துவிட்டது! அன்றைக்கே நங்கூரத்து வயரை வெட்டி எறிந்தோம். வீட்டின் வாடைப் பக்கம் புதிதாகக் குழி தோண்டி, இரும்புப் பைப்பை இறக்கி, கரியும் உப்பும் போட்டு, ஒழுங்கான எர்த் போட்டார் இவர். மீட்டர் வைத்துப் பார்த்தோம், சுத்தம். தொட்டால் சுருக்கென்று அடிக்கவில்லை. யாஸ்மினோடு பயிற்சிக்காக ஆடிய ஆட்டங்களில் ஒன்றில்கூட உறையவில்லை. “மாஷா அல்லாஹ், நீ இஞ்சினியர்தான்டி” என்றாள். தூக்கிவிட்டுக்கொள்ள எனக்குச் சட்டைக்காலர் இல்லாத குறைதான்.

கடைசிச் சுற்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் வரிசையாகக் கட்டிக்கிடந்தன, ஊர் ஆண்கள் எல்லாம் வலை பின்னிக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருந்தார்கள். நல்ல வெயில். பேய்க்கு ஏற்ற நேரமே இல்லை. பின்னால் ஸ்டாண்டில் போனை வைத்து நேரலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். இவர் வாசற்படியில் நின்றார், வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். நேரலையைப் பார்க்க எக்கச்சக்கமான பேர், பாதிப்பேர் நான் மாட்டிக்கொள்வதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள்.

ஆட்டம் அருமையாகப் போனது. யாஸ்மின் அன்றைக்குப் பேய் மாதிரி ஆடினாள், அந்த வார்த்தையை இப்போது சொல்லக் கூடாதுதான், வந்துவிட்டது. ஒவ்வொரு ஜோடியாகக் காலி செய்துகொண்டே வந்தோம். கடைசியில் மிஞ்சியது நாங்களும் மின்னல் ஜோடியும். அப்போதுதான் பாலத்தடியில் யாஸ்மினை மின்னல் சாய்த்துவிட்டான். செத்தவர்கள் கூட்டாளியின் ஆட்டத்தை வேடிக்கை பார்க்கலாம், பேசவும் செய்யலாம். “செல்வி, அல்லா மேல பாரத்தப் போட்டு ஓடுடி, புயல் வட்டம் வருது” என்று காதில் கத்தினாள். நான் ஓர் உடைந்த சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். திரையின் மேலே திசைகாட்டி வடக்கு காட்டியது. எதிரே இரண்டு பேர், நான் தனி ஆள்.

திரை உறைந்தது.

“கருமம்!” என்று கத்திக்கொண்டு நாற்காலியோடு பின்னால் துள்ளிவிட்டேன். யாஸ்மினின் குரல் பாதி வார்த்தையில் நின்றது. எல்லாச் சத்தமும் நின்றது. அந்த ஒரு நொடியில் எனக்கு என்ன ஓடியது தெரியுமா? தோற்கப் போகிறேன் என்றுகூட இல்லை, திருடி ஆகிவிட்டேன் என்றுதான். முதுகுக்குப் பின்னால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போது காதில் அந்தப் பழைய இரைச்சல் வந்தது. கர்ர் என்று. அப்புறம் ஓர் ஆண் தொண்டையைக் கனைக்கிற சத்தம்.

“பதறாத தாயி. கைய எடுத்துராத.”

நம்பினால் நம்புங்கள், என் உடம்பில் அத்தனை மயிரும் நின்றது, ஆனால் பயம் இல்லை. அந்தக் குரல் அப்படி. அவசரமே இல்லாத, நிறைய வேலை பார்த்த ஒரு மனுஷனின் குரல். “யாருண்ணே?” என்றேன்.

“வாடையப் பாத்து இருக்க. கொண்டல் பக்கம் திரும்பு. மெதுவா. இன்னுங் கொஞ்சம். போதும்.”

திரையில் ஒன்றும் அசையவில்லை. ஆனால் வருஷக்கணக்காக ஆடுகிற கைக்கு மவுஸை எவ்வளவு நகர்த்தினால் எவ்வளவு திரும்பும் என்று தெரியும். திருப்பினேன். “சரிண்ணே” என்றேன்.

“கச்சான்ல இருந்து ஏறி வருது. நிக்காத, ஓடு.”

ஓடுகிற பட்டனை அழுத்தினேன். உறைந்த படத்தில் என் ஆள் இன்னும் சுவருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிக்கொண்டிருந்தேன். எங்கே ஓடுகிறேன், எதில் முட்டுகிறேன், ஒன்றும் தெரியாது. கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி, ஆனால் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற மாதிரி.

“நில்லு. உக்காரு. ரெண்டு பயலும் உன்னைத் தாண்டிப் போறாய்ங்க. விடு, போகட்டும். மூச்ச விட்டுக்க.”

“சரிண்ணே.”

“இப்ப வாடைக்குத் திரும்பு. பொறு. பொறு தாயி... அடி!”

அடித்தேன்.

“இன்னொருத்தன் கொண்டல்ல. அடி!”

திருப்பி அடித்தேன். அவ்வளவுதான். திரை துள்ளிக்கொண்டு உயிர் பெற்றது. நான் எந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தேனோ அந்தச் சுவரே அங்கே இல்லை, எங்கேயோ ஒரு மேட்டில் நிற்கிறேன், என் காலடியில் மின்னலும் அவன் கூட்டாளியும் விழுந்து கிடக்கிறார்கள், நடுவில் தங்க எழுத்தில் எங்கள் ஜோடியின் பெயர். உப்புக்காத்து!

ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் தெருவே எழுந்து வந்துவிட்டது. தூங்கிக்கொண்டிருந்தவன் எல்லாம் கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். இவர் என்னைத் தூக்கிச் சுற்றினார், ஊருக்கு முன்னால் தொட்டுப் பேசக்கூட வெட்கப்படுகிற மனுஷர். இவருடைய போனில் யாஸ்மின், அழுகையும் சிரிப்புமாக, “கத்து கத்துன்னு கத்துனேனேடி, உனக்குக் கேக்கவே இல்லையா? நீ ஏன் ஒரு வார்த்த பேசல? ஆனா என்ன ஆட்டம்டி!” என்றாள். அவள் பக்கத்தில் என் ஆட்டம் உறையவே இல்லையாம். ஓடியது, உட்கார்ந்தது, சுட்டது எல்லாம் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. போட்டி நடத்தியவர்களும் பார்த்துச் சொன்னார்கள், இணைப்பு ஒரு கணம்கூட அறவில்லை, திரை மட்டும்தான் நின்றிருக்கிறது. என் பின்னால் இருந்த போனில் உலகமே பார்த்தது, செத்துப்போன திரையின் முன்னால் ஒருத்தி உட்கார்ந்து மாநிலத்திலேயே பெரிய ஆட்டக்காரனைக் குருட்டாட்டம் ஆடிச் சாய்க்கிறாள். மின்னல் தன் பழைய வீடியோவை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டான். “அக்கா, திரை நின்னா நான் எந்திரிச்சு ஓடியிருப்பேன், நீங்க என்னையச் சுட்டுட்டீங்க. தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிருங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டான். அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள். இன்றைக்கும் மனசு சரியில்லை என்றால் அதைத்தான் போட்டுப் பார்ப்பேன்.

கூட்டம் கலைந்த பிறகு எஸ்தர் அக்கா மட்டும் நின்றார். “யாருகூடம்மா பேசிக்கிட்டு இருந்த? சரிண்ணே, சரிண்ணேன்னு?” என்றார். நான் நடந்ததைச் சொன்னேன், யாரோ வயர்லெஸ்ஸில் பேசியது என் ஹெட்செட்டில் புகுந்திருக்கும் என்றும் சேர்த்தேன். “தடைக்காலத்துல எந்தப் படகுல இருந்து புள்ள பேசுவாய்ங்க?” என்று இவர் முணுமுணுத்தார். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. கச்சான் ஏறுது, வாடைக்குத் திரும்பு, ஒவ்வொரு வார்த்தையையும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

“அவரு சொன்னபடி செஞ்ச. ஜெயிச்சியா?”

“ஜெயிச்சேங்க்கா.”

“காத்து தெரியாதவன்னாங்களே” என்றார். அழுவார் என்று நினைத்தேன். கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டு, தெருவைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார், அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் அவர் முகத்தில் பார்த்ததே இல்லை. சாயங்காலம் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தார். அதற்கப்புறம் சூசையைப் பற்றி அந்தப் பழைய பேச்சை யாரும் அவர் முன்னால் எடுத்ததில்லை.

அப்போதும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். டிரைவர் கோளாறில் திரை மட்டும் நின்றிருக்கும், ஆட்டம் பின்னால் ஓடியிருக்கும், அது நடக்கிறதுதான். குரல் என் பயத்தில் என் மூளையே பேசியதாக இருக்கும். இப்படி. அப்புறம்தான் அந்த வீடியோவின் கீழே முகம் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்ததைப் பார்த்தேன். “அக்கா, உங்க ஹெட்செட் வயர் கீழ தொங்குதே, எப்படிக் கேட்டுச்சு?”

ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். திரை உறைந்ததும் நான் பின்னால் துள்ளுகிறேன், அந்த இழுப்பில் பிளக் கழன்று விழுந்து நாற்காலிக் காலடியில் ஆடுகிறது. யாஸ்மினின் குரல் நின்றது அதனால்தான். அதற்கப்புறம்தான் நான் “யாருண்ணே?” என்கிறேன். ஒன்றோடும் சேராத ஒரு வயர், அதன் மறுமுனையில் என் காது. வயர்லெஸ் மாட்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் இவரிடம் காட்டினேன். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, “வயரு எதுலயும் சேரலையே புள்ள” என்றார்.

அதுகூடப் போகட்டும். நான் உங்களிடம் என்ன சொன்னேன், ஜெயித்ததும் ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தேன் என்றுதானே? என் நினைவிலும் அப்படித்தான் இருக்கிறது. வீடியோவில் அப்படி இல்லை. தங்க எழுத்து வந்த பிறகும் நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். தலையைச் சாய்த்து எதையோ கேட்கிறேன். நான் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. புறங்கையால் கண்ணைத் துடைக்கிறேன். அப்புறம், வாசற்படியில் நின்றவருக்குக்கூடக் கேட்காத அளவுக்குத் தாழ்ந்து, ஆனால் என் குரலிலேயே, “சொல்றேண்ணே. அக்காட்ட கண்டிப்பாச் சொல்றேன்” என்கிறேன். அதற்குப் பிறகுதான் பிடுங்கி எறிகிறேன். அந்த இடத்தில் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு சொல்கூட நினைவில்லை. எவ்வளவோ முட்டிப் பார்த்துவிட்டேன், இருட்டாக இருக்கிறது.

எஸ்தர் அக்காவும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார். என்மேல் கோபமெல்லாம் இல்லை, கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “அவசரமில்ல தாயி, ஞாபகம் வாரப்ப சொல்லு” என்று என் கன்னத்தைத் தொட்டார். மறுநாளே புது எர்த்தைக் கழற்றிவிட்டு, வயரை நானே கொண்டுபோய் அந்த நங்கூரத்தில் கட்டினேன். இவர் மண்ணை வாரி மூடினார்.

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட உறையவில்லை. நானும் யாஸ்மினும் ஜெயித்துக்கொண்டேதான் இருக்கிறோம், எங்கள் பெயரைச் சொன்னால் இப்போது எதிராளி ஜோடிகள் கொஞ்சம் எட்டியே இறங்குகின்றன. ஆனால் தன் கம்ப்யூட்டர் உறைய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஒருத்தி இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். கடைசி வட்டம் வந்ததும் பிளக்கைக் கழற்றி விட்டுவிட்டு, வெறும் ஹெட்செட்டோடு உட்கார்கிறேன். யாஸ்மின் வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். ஆட்டம் முடிந்து நான் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டால் எஸ்தர் அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வாசற்படியில் வந்து நிற்பார்.

“இன்னைக்கும் ஒண்ணும் வரலையா தாயி?”

“இல்லக்கா” என்பேன்.